டெஸ்ட் தளத்துக்கும் பூட்டு வேணும்

ஒரு இணையத்தளத்தைச் சனத்துக்குத் திறக்க முதல், அதைப்போலவே இன்னொன்றைச் செய்து பிழை இருக்கோ என்று பார்ப்பார்கள். அதுதான் சோதனைத் தளம். எங்கட வயசுப் பெடியள் இப்ப கழகங்களுக்கும் நிகழ்வுகளுக்கும் தளம் செய்யினம், நல்ல விசயம். ஆனால் சோதனைத் தளத்துக்குக் கடவுச்சொல் போடச் சொன்னால், "சும்மா டெஸ்ட்தானே, அட்ரஸ் ஆருக்குத் தெரியப்போகுது?" என்பார்கள்.

தெரியும். பாதுகாப்பான இணைப்புக்காக ஒரு முகவரிக்குச் சான்றிதழ் எடுத்தால், அந்த முகவரி அநேகமாகப் பொதுப் பதிவேடுகளில் ஏறிவிடும். ஆரும் தேடிப் பார்க்கலாம்.

"ரோபோட்ஸ் கோப்பில தடுத்திருக்கிறம்" என்பது அடுத்த பதில். 1994இல் தொடங்கிய அந்த வழக்கம் தேடுபொறிகளுக்கு விடுக்கிற வேண்டுகோள் மட்டும்தான். கெட்ட எண்ணத்தோட வாறவன் அதை மதிக்கப்போறதில்லை. அந்தக் கோப்பையே எவரும் திறந்து வாசிக்கலாம். எந்த அறைக்குள்ள போகக்கூடாது என்று வாசலிலயே எழுதி ஒட்டின மாதிரி.

வெறும் தளம் என்றால் பரவாயில்லை. பிரச்சினை உள்ளுக்கு இருக்கிற தரவு. சோதிக்க வசதி என்று உண்மையான பதிவுகளையே பிரதி எடுத்துப் போடுகிறார்கள். பெயர், தொலைபேசி எண், அடையாள அட்டை இலக்கம் எல்லாம் அதில் இருக்கும். எங்கட அடையாள அட்டை இலக்கத்தை வைத்தே பிறந்த திகதியையும் ஆணா பெண்ணா என்பதையும் கண்டுபிடிக்கலாம். ஒரு பிள்ளையின் தொலைபேசி எண் தெரியாத ஒருவன் கைக்குப் போனால் இரவில ஆர் கோல் எடுப்பான் என்று எங்கட பெட்டையளைக் கேளுங்கோ. அவளுக்கு அது 'சும்மா டெஸ்ட்' இல்லை.

2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் தரவைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் சொல்கிறது.

செய்ய வேண்டியது பெரிய வேலையில்லை. சேர்வரிலயே கடவுச்சொல் போடுங்கோ. குழுவில இருக்கிறவைக்கு மட்டும் வீபீஎன் வழியாக அனுமதி குடுத்தால் இன்னும் நல்லம். சோதனைக்குப் பொய்ப் பெயர், பொய் இலக்கம் போதும். வேலை முடிந்தால் அழித்துவிடுங்கோ. மறந்துபோய்க் கிடக்கிற தளத்தை ஒருத்தரும் புதுப்பிப்பதில்லை, அதுக்குள்ள நுழையிறதுதான் லேசு.

நான் கலைப்பீடம், கோட் எழுதத் தெரியாது. ஆனால் அந்தப் படிவங்களை நிரப்புறது நாங்கள்தான். அடுத்த முறை படிவம் தந்தால், இதின்ர பிரதி எங்கெங்க இருக்கு, ஆர் பார்க்கலாம் என்று கேளுங்கோ. கேட்க எங்களுக்கு உரிமை இருக்கு.