பெரிய டயரும் சிறிய பணப்பையும்

மழைக்காலம் கழிந்து சாலைகள் குழிகளாய்க் கிடக்கும் நாள்களில், பிக்கப் வண்டி வைத்துத் தொழில் புரியும் நம் குடும்பத்தார் பலர் ஒரே வினாவை எழுப்புகின்றனர். “குழியில் இறங்கும்போதெல்லாம் வண்டியின் அடிப்பகுதி தரையில் தட்டுகிறது, சரக்கு குலுங்கி நசுங்குகிறது. பெரிய டயர் மாட்டி, வண்டியைச் சற்று உயர்த்திவிட்டால் தீருமா? குறைந்த செலவில் அதற்கு வழி உண்டா?” என்பதே அவ்வினா. விடியுமுன் தாராவியிலிருந்து வாஷி சந்தைக்குப் புறப்படும் வண்டியாயினும், புணேயிலிருந்து மும்பைக்குக் காய்கறி கொணரும் வண்டியாயினும், ஓர் இல்லத்தின் அடுப்பு எரிவது அவ்வண்டியின் சக்கரங்களால் அன்றோ? ஆதலின் ஆசையை ஒருபுறம் வைத்துக் கணக்கை எடுத்துக்கொள்வோம்.

டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்களை முதலில் படிக்க அறிதல் வேண்டும். 235/75 ஆர் 15 என்றால், டயரின் அகலம் 235 மில்லிமீட்டர். பக்கச் சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு 75 பங்கு. உள்ளே அமரும் ரிம்மின் குறுக்களவு 15 அங்குலம். கூட்டிப் பார்த்தால் டயரின் முழு உயரம் சுமார் 733 மில்லிமீட்டர் ஆகும். இதனைக் கழற்றிவிட்டுப் பலர் விரும்பும் 31 அங்குல டயரை மாட்டினால் உயரம் 787 மில்லிமீட்டர் ஆகிறது. மிகுதி 54 மில்லிமீட்டர். ஆனால் அதில் பாதி அச்சுக்கு மேலே போய்விடும். எனவே வண்டி உயர்வது 27 மில்லிமீட்டர், அஃதாவது ஓர் அங்குலத்துக்குச் சற்றே மிகுதி, அவ்வளவுதான்.

இந்த ஓர் அங்குலத்துக்கு நாம் கொடுக்கும் விலை யாது? சக்கரத்தின் சுற்றளவு நூற்றுக்கு 7 பங்கு கூடிவிடுகிறது. வேகமானி 60 எனக் காட்டும்போது வண்டி உண்மையில் 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும். சக்கரம் பெரிதாகப் பெரிதாக, அதே எஞ்சின் தரும் இழுவை தரையில் அந்த அளவுக்குக் குறையும். ஏற்றத்தில் கிளட்ச் தேயும். டீசல் செலவு கூடும். இவற்றினும் கொடியது வேறொன்று. பிரேக் பிடிக்கும் விசையும் அதே கணக்கில் குறையும். சரக்கேற்றிய வண்டி லோணாவளாவைக் கடந்து போர் காட் மலைச் சரிவில் இறங்கும்போது, பிரேக்கில் நூற்றுக்கு ஏழு பங்கு குறைவது சிறு குறை ஆகுமா? எண்ணிப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுவதும் திருப்புகையில் டயர் மட்கார்டில் உராய்வதும் உண்டு.

சட்டமும் இதில் இடம் பெறுகிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட விவரங்கள் தயாரிப்பாளர் வகுத்த அமைப்பினின்று வேறுபடும்படி வண்டியை மாற்றலாகாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தித் தீர்ப்பளித்தது. அவ்வாண்டின் திருத்தச் சட்டம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது. விபத்து நேர்ந்தபின் காப்பீட்டு நிறுவனத்தார் வண்டியைப் பார்வையிட வரும்போது, அறிவிக்காத மாற்றம் இழப்பீட்டுக்கே தடையாகலாம். அயலூரில் கடன் பட்டு வண்டி வாங்கிய குடும்பத்துக்கு அது தாங்கவொண்ணா அடி. எனவே தயாரிப்பாளர் அதே வண்டிக்கு ஒப்பிய அளவுகள் எவையென வண்டியின் கையேட்டில் காண்க. ஐயமிருப்பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுத் தெளிந்த பின்னரே பணத்தை எடுக்க.

அப்படியாயின் குழியில் தட்டும் வண்டிக்கு மருந்து என்ன? நோய் எங்கே என்று காண்பதே முதல் வேலை. விளக்கை ஏந்தி வண்டிக்கு அடியில் பாருங்கள். புதிய கீறல் பின் அச்சின் நடுவே உருண்டு நிற்கும் டிஃபரன்ஷியல் கூண்டில் இருந்தால், ஸ்பிரிங்கை எவ்வளவு உயர்த்தியும் பயனில்லை. அது சக்கரத்தோடு சேர்ந்த உறுப்பாதலின், டயர் ஒன்றே அதனை உயர்த்த வல்லது. அவ்விடத்தில் மெல்ல ஓட்டுவதும், குழியைத் தவிர்ப்பதுமே செலவில்லா வழி. கீறல் சட்டத்திலோ, புகைக்குழாயிலோ, படிக்கட்டிலோ இருந்தால், தொய்ந்துபோன ஸ்பிரிங்கே காரணமாக இருத்தல் கூடும். அதற்குப் பெரிய டயர் வேண்டுவதில்லை.

பிக்கப் வண்டியின் பின்புறத்தைத் தாங்குவது பட்டை. நம் ஊர்ப் பட்டறைகளில் பட்டை என்பதனையே இங்குள்ள மிஸ்திரிகள் கமானி என்பர். வெற்று வண்டியைச் சமதரையில் நிறுத்தி இருபுறமும் உயரம் அளந்து பாருங்கள். ஒருபுறம் தாழ்ந்திருப்பின் பட்டை ஒன்று விரிசல் கண்டிருக்கலாம், அல்லது வளைவு இழந்திருக்கலாம். பட்டையின் இரு முனைகளிலும் உள்ள புஷ்கள் தேய்ந்தால் வண்டி கடகடவென்று ஒலிக்கும். பட்டையை அச்சோடு பிணைக்கும் யு-போல்ட் தளர்ந்தால் நடு ஆணி முறிந்து அச்சே இடம் பெயரும். புஷ் மாற்றுவதும் போல்ட்டை முறைப்படி முடுக்குவதும் ஒரு டயரின் விலையினும் மிகக் குறைந்த செலவே.

அடுத்தது ஷாக் அப்சார்பர். வண்டியின் ஒரு மூலையை அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். ஒருமுறை எழுந்து அமைந்தால் நன்று. மேலும் மேலும் ஆடினால், அல்லது அதன்மேல் எண்ணெய் கசிந்திருந்தால், அதன் ஆயுள் முடிந்தது. ஒரே அச்சில் இரண்டையும் சேர்த்தே மாற்றுக. வாயு நிரப்பிய வகை, நெடுந்தொலைவு ஓடிச் சூடேறினும் தளராது. ஆனால் நீளம் உங்கள் வண்டிக்குரியதாக இருத்தல் வேண்டும். தக்காளிக் கூடைகள் நசுங்காமல் காப்பதில் இம்மாற்றம் ஆற்றும் பணியைப் பெரிய டயர் ஆற்றாது.

பட்டையே தொய்ந்திருப்பின் புதியது போடுதல் சிறந்தது. சம்மட்டியால் அடித்து மட்டும் வளைவேற்றிய பட்டை சில காலத்தில் மீண்டும் தொய்யும். முறையாகச் சூடேற்றிப் பதமிட்டதே நிலைக்கும். கூடுதலாக ஒரு பட்டை சேர்ப்போர் இரண்டை நினைவிற் கொள்க. வெற்று வண்டி கடினமாகக் குதிக்கும். பதிவுச் சான்றில் கண்ட சுமை அளவும் அதனால் ஓர் இம்மியும் கூடாது. அளவு கடந்த சுமை அச்சை முறிக்கும் என்பதனை வள்ளுவரும் உவமையாக எடுத்தாண்டார். அவ்வுண்மை மோட்டார் வண்டிக்கும் மாறவில்லை.

அச்சுக்கும் பட்டைக்கும் இடையே இரும்புக் கட்டை செருகி உயர்த்துவது மலிவான வழி எனச் சிலர் கூறுவர். இங்கேதான் விழிப்பு வேண்டும். பல பிக்கப் வண்டிகளில் சுமைக்கேற்பப் பின் பிரேக்கின் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று, சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையே ஒரு கோலால் இணைந்துள்ளது. வண்டியின் பின்புறம் உயர்ந்தால் அவ்வால்வு ‘வண்டி வெறுமையாக உள்ளது’ எனக் கொண்டு பின் பிரேக்கைத் தளர்த்திவிடும். சுமையோ மேலே நிற்கும்! பிரேக் குழாய் இழுபடுவதும், புரொப்பெல்லர் தண்டின் கோணம் மாறி மூட்டுகள் தேய்வதும், முன்விளக்கின் ஒளி தாழ்ந்து அருகிலேயே விழுவதும் உடன் வரும் தொல்லைகள்.

டயர் மாற்றும் காலம் வந்ததாயின், பழைய அளவிலேயே கரடுமுரடான பாதைக்கேற்ற அடிவெட்டு உடையதைத் தேர்க. அளவுக்குப் பின் உள்ள சுமை எண்ணையும் பார்க்க: 105 என்றால் ஒரு டயர் 925 கிலோ தாங்கும். பழைய டயரினும் குறைந்த எண் உடையதை, எவ்வளவு மலிவாயினும், வாங்கற்க. அடிவெட்டின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் விதிப்படியும் அது ஓடத் தகாது. காற்றழுத்தம் கையேட்டில் குறித்தபடி, சுமைக்குத் தக்கவாறு அமைய வேண்டும். வேலை முடிந்ததும் சக்கரங்களின் நேர்மையைச் சரிபார்த்தல் இன்றியமையாதது.

ஆகவே, அன்பர்களே, செலவின் வரிசை இது: முதலில் காற்றும் சுமையும், பின்னர் புஷ்ஷும் போல்ட்டும், அதன்பின் ஷாக் அப்சார்பர், தொய்ந்திருப்பின் பட்டை, எல்லாவற்றுக்கும் இறுதியில் டயர். இவ்வரிசையில் ஒவ்வொரு படியாகச் செய்து, ஒரு திங்கள் ஓட்டிப் பார்த்தபின் அடுத்த படிக்குச் செல்க. பெரும்பாலோர்க்கு மூன்றாம் படியிலேயே குறை தீர்ந்துவிடும்; மிஞ்சிய பணம் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்துக்கு உதவும்.