ரிப்போர்ட் சரியாகிவிட்டால் குளிசையை நிறுத்தலாமா?



"கொலஸ்திரோல்தான் இறங்கிவிட்டதே, இனியும் எதற்கு இந்தக் குளிசை?" உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி ஒரு முறையேனும் எழுந்திருக்கும். கிளினிக்கில் தந்த குளிசைகளில் பாதி அலுமாரியில் அப்படியே கிடக்கும். வாப்பாவுக்கும் கணவருக்கும் குளிசையை நேரம் தவறாமல் எடுத்துக் கொடுக்கும் இல்லத்தரசி, தன்னுடையதை மட்டும் "நாளைக்குப் பார்ப்போம்" என்று தள்ளி வைப்பதும் உண்டு.

ரிப்போர்ட்டில் உள்ள இலக்கத்தைக் குறைப்பது மட்டுமே அந்தக் குளிசையின் வேலை என்றால், இக்கேள்வியில் நியாயம் இருக்கலாம். ஆனால் கொலஸ்திரோலைக் குறைக்கவென நம்மவர்களுக்குப் பெரும்பாலும் தரப்படும் ஸ்டாட்டின் வகைக் குளிசைகள், இரத்தக் குழாயின் சுவரிலேயே வேறொரு வேலையையும் செய்கின்றன. அந்த வேலை எந்த இரத்த ரிப்போர்ட்டிலும் எழுதப்படுவதில்லை. அது என்னவென்று இம்மாதம் பார்ப்போம்.

வெறும் குழாய் அல்ல

இரத்தக் குழாய் என்றதும் நம் மனதில் வருவது தண்ணீர்க் குழாய்தான். குசினித் தொட்டியின் குழாயில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்து அடைப்பதைப் போல, கொழுப்புப் படிந்து இரத்தக் குழாயும் அடைபடுகிறது என்று எண்ணுகிறோம். இது பாதி உண்மைதான். தண்ணீர்க் குழாய்க்கு உயிர் இல்லை. இரத்தக் குழாய்க்கு உயிர் உண்டு. அது தேவைக்கேற்ப விரியும், சுருங்கும். நீங்கள் அவசரமாக மாடிப்படி ஏறும்போது இதயத்துக்கு அதிக இரத்தம் தேவைப்படுகிறது. உடனே இதயத்தின் நாடிகள் விரிந்து வழிவிடுகின்றன.

விரியும்படி கட்டளையிடுவது யார்? குழாயின் உட்புறத்தை ஒரு மெல்லிய உறை மூடியிருக்கிறது. ஒரே ஒரு கல வரிசை மட்டுமே கொண்ட உறை அது. நீண்ட காலமாக அதனை வெறும் உள்ளுறை என்றே வைத்தியர்கள் எண்ணியிருந்தனர். 1980ஆம் ஆண்டில் அமெரிக்காவின் புரூக்ளினில் ரொபர்ட் பர்ச்கொட் என்ற விஞ்ஞானி, முயலின் நாடித் துண்டுகளில் செய்த ஒரு பரிசோதனையை வெளியிட்டார். அசெட்டைல்கோலின் என்ற பதார்த்தத்தை இட்டபோது, உள்ளுறை பழுதுபடாமல் இருந்த துண்டுகள் தளர்ந்து விரிந்தன. உள்ளுறை தேய்த்து அகற்றப்பட்ட துண்டுகளோ விரியவில்லை. ஆகவே "விரிந்து கொடு" என்ற செய்தி அந்த மெல்லிய உறையிலிருந்துதான் போகிறது என்பது தெளிவாயிற்று.

அந்தச் செய்தியைக் கொண்டு செல்வது நைத்திரிக் ஒட்சைட் என்ற வாயு எனப் பின்னர் கண்டறியப்பட்டது. பிறந்து சில வினாடிகளிலேயே மறைந்து விடும் சாதாரண வாயு! இந்தக் கண்டுபிடிப்புக்காக 1998இல் பர்ச்கொட், லூயிஸ் இக்னாரோ, பெரிட் முராட் ஆகிய மூவருக்கும் வைத்தியத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

இந்த வாயு குழாயைத் தளர்த்துவதோடு நின்றுவிடுவதில்லை. இரத்தம் உறைவதற்குக் காரணமான சிறுதட்டுகள் சுவரில் ஒட்டாமல் பார்த்துக்கொள்கிறது. வெண்குருதிக் கலங்கள் சுவருக்குள் புகுந்து அழற்சியை உண்டாக்குவதையும் குறைக்கிறது. சுருங்கச் சொன்னால், அது குழாயின் காவற்காரன்.

எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொலஸ்திரோல் கூடும்போதும், சீனி வருத்தமும் பிரஷரும் கட்டுப்பாடின்றி இருக்கும்போதும், சிகரட் புகை உடலினுள் போகும்போதும் இந்த உள்ளுறை நோயுறுகிறது. நைத்திரிக் ஒட்சைட் குறைகிறது. விரிய வேண்டிய நேரத்தில் குழாய் விரிய மறுக்கிறது. சில வேளைகளில் சுருங்கியும் விடுகிறது. அடைப்பு கண்ணுக்குத் தெரிவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்னரே இது தொடங்கிவிடுகிறது. வலியில்லை, காய்ச்சலில்லை, எந்த அறிகுறியும் இல்லை.

பூஞ்சணத்தில் கிடைத்த மருந்து

ஸ்டாட்டின் மருந்தின் கதை யப்பானில் தொடங்குகிறது. அகிரா என்டோ என்ற விஞ்ஞானி கொலஸ்திரோல் உற்பத்தியைத் தடுக்கும் பதார்த்தமொன்றைத் தேடி, ஆயிரக்கணக்கான பூஞ்சண வகைகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார். 1973இல், அரிசியில் வளர்ந்த நீலப் பூஞ்சணம் ஒன்றில் அது கிடைத்தது. அவருடைய பதார்த்தம் மருந்தாகக் கடைக்கு வரவில்லையாயினும், அதே வகையைச் சேர்ந்த லோவஸ்டாட்டின் 1987இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நம் கிளினிக்குகளில் தரப்படும் அட்டோவஸ்டாட்டின், ரொசுவஸ்டாட்டின் போன்றவை இதன் தம்பி தங்கைகளே.

கொலஸ்திரோலின் பெரும்பகுதி நாம் உண்ணும் உணவிலிருந்து நேரே வருவதன்று. உடலே அதனை உற்பத்தி செய்கிறது. அதில் ஈரலுக்குப் பெரும்பங்கு உண்டு. அந்த உற்பத்தியின் ஆரம்பப் படிகளில் ஒன்றை ஸ்டாட்டின் தடுக்கிறது. தன் தேவைக்குக் கொலஸ்திரோல் போதாத ஈரல், இரத்தத்தில் ஓடும் எல்.டி.எல்.ஐ அதிகமாக உறிஞ்சி எடுத்துக்கொள்கிறது. இரத்த ரிப்போர்ட்டில் இலக்கம் இறங்குவது இதனால்தான்.

இனி அந்த இரண்டாவது வேலைக்கு வருவோம். ஒரு பெரிய வீதியைத் தொடக்கச் சந்தியிலேயே மறித்தால் என்ன நடக்கும்? அவ்வீதியிலிருந்து பிரியும் கிளை வீதிகளிலும் வாகனங்கள் குறையும் அல்லவா? கொலஸ்திரோல் உற்பத்தியும் அப்படித்தான். அதே பாதையிலிருந்து வேறு சில பதார்த்தங்களும் கிளைவிட்டு உண்டாகின்றன. அவற்றின் துணையோடு இயங்கும் 'ரோ' என்ற புரதம், இரத்தக் குழாயின் உள்ளுறையில் நைத்திரிக் ஒட்சைட் உண்டாவதைக் குறைத்து வைக்கிறது. ஸ்டாட்டின் சந்தியை மறித்ததும் அந்தப் புரதத்தின் பிடி தளர்கிறது. நைத்திரிக் ஒட்சைட் கூடுகிறது. ஆய்வுகூடத்தில் வளர்க்கப்பட்ட குழாய்க் கலங்களில் இது 1998இல் எடுத்துக்காட்டப்பட்டது.

மனிதரில் கண்டது என்ன?

1995இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வில், இதய நாடி நோயுள்ளவர்களுக்கு லோவஸ்டாட்டின் கொடுத்து அவர்களின் நாடிகள் சோதிக்கப்பட்டன. 12ஆவது நாளில் பெரிய மாற்றமில்லை. ஐந்தரை மாதங்களின் பின் பார்த்தபோது, முன்பு தகாத விதமாகச் சுருங்கிய நாடிகள் அவ்வளவாகச் சுருங்கவில்லை. உள்ளுறை குணமடையத் தொடங்கியிருந்தது!

"இது கொலஸ்திரோல் குறைந்ததால் வந்த பலனாக இருக்கக்கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. 2005இல் வெளியான ஒரு சிறிய ஆய்வு இதனையே சோதித்தது. இதயம் பலவீனமடைந்த 20 பேரில் சிலருக்கு சிம்வஸ்டாட்டினும், ஏனையோருக்குக் குடலில் கொலஸ்திரோல் உறிஞ்சப்படுவதைத் தடுக்கும் எஸெட்டிமைப் என்ற வேறு மருந்தும் நான்கு வாரங்கள் கொடுக்கப்பட்டன. எல்.டி.எல். இரு சாராரிலும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைந்தது. பின்னர், பிரஷர் பார்க்கும் பட்டியைப் போன்ற ஒன்றைக் கையில் இறுக்கிக் கட்டி, சில நிமிடங்களின் பின் தளர்த்தி, பாய்ந்து வரும் இரத்தத்துக்கு நாடி எவ்வளவு விரிகிறது என்று ஸ்கேன் மூலம் அளந்தனர். சிம்வஸ்டாட்டின் எடுத்தவர்களின் நாடிகள் மட்டுமே முன்னரைவிட நன்கு விரிந்தன.

இருந்தாலும் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். ஸ்டாட்டின் மாரடைப்பைத் தடுப்பதில் பெரும்பங்கு எல்.டி.எல். குறைவதாலேயே கிடைக்கிறது. 2015இல் வெளிவந்த, 18,144 நோயாளர்கள் பங்குபற்றிய ஆய்வில், ஸ்டாட்டினோடு எஸெட்டிமைப்பையும் சேர்த்து எல்.டி.எல்.ஐ மேலும் குறைத்தபோது மாரடைப்பும் பாரிசவாதமும் இன்னும் சற்றுக் குறைந்தன. ஆகவே இலக்கமும் முக்கியம், சுவரும் முக்கியம். இலக்கம் சரியாகிவிட்டது என்பதற்காகச் சுவரின் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதே தவறு.

நிறுத்தினால் என்ன ஆகும்?

குளிசையை நிறுத்தினால் ஈரல் பழையபடி உற்பத்தியைத் தொடங்கும். சில வாரங்களில் கொலஸ்திரோல் பழைய நிலைக்கு ஏறிவிடும். ரிப்போர்ட் நன்றாக இருந்தது குளிசை எடுத்ததால்தானே தவிர, நோய் போய்விட்டதால் அல்ல. உள்ளுறையோ அவ்வளவு நாட்கள் காத்திருப்பதில்லை. எலிகளில் ஸ்டாட்டினைத் திடீரென நிறுத்தியபோது, நைத்திரிக் ஒட்சைட் மருந்தே எடுக்காத எலிகளில் இருப்பதைவிடவும் கீழே இறங்கியதை 2000ஆம் ஆண்டில் விஞ்ஞானிகள் கண்டனர்.

மனிதரிலும் ஓர் எச்சரிக்கை கிடைத்தது. 2007இல் வெளியான ஸ்பானிய ஆய்வொன்றில், ஏற்கனவே ஸ்டாட்டின் எடுத்துவந்து பாரிசவாதத்துக்கு உள்ளான 89 பேர் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவினருக்கு மூன்றே மூன்று நாட்கள் குளிசை நிறுத்தப்பட்டது. மூன்று மாதங்களின் பின், நிறுத்தப்பட்டவர்களில் நூற்றுக்கு 60 பேர் இறந்தோ பிறரில் தங்கியோ இருந்தனர். தொடர்ந்து எடுத்தவர்களில் இது நூற்றுக்கு 39 ஆகவே இருந்தது. இவர்கள் கடும் நோயாளர்கள். ஒரு நாள் குளிசை மறந்து போனால் நமக்கும் இப்படி ஆகிவிடும் என்று இதற்குப் பொருளில்லை. ஆனால் வைத்தியரைக் கேளாமல் நிறுத்துவது விளையாட்டுக் காரியமன்று என்பதை இது உணர்த்துகிறது.

பெண்களுக்கும்தான்

மாரடைப்பு ஆண்களின் நோய் என்ற எண்ணம் நம்மில் பலருக்கு இன்னும் இருக்கிறது. மாதவிடாய் நின்ற பின் பெண்களின் எல்.டி.எல். உயர்கிறது, நாடி நோயும் கூடுகிறது. 2008இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்றில் 17,802 பேர் பங்குபற்றினர். அவர்களில் 6,801 பேர் 60 வயதும் அதற்கு மேலும் ஆன பெண்கள். எல்.டி.எல். அவ்வளவு உயராத, ஆனால் இரத்தத்தில் அழற்சியின் அடையாளம் காணப்பட்ட இவர்களில் ஒரு சாராருக்கு ரொசுவஸ்டாட்டின் கொடுக்கப்பட்டது. மாரடைப்பு, பாரிசவாதம் முதலிய இதய, நாடி நோய்கள் அவர்களில் 44 வீதம் குறைந்தன. பெண்களுக்கும் பலன் கிடைத்தது. அதேவேளை, குளிசை எடுத்தவர்களில் சீனி வருத்தம் சற்றுக் கூடுதலானோருக்குக் கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் சொல்ல வேண்டும். எனவே இடைக்கிடை சீனியைச் சோதித்துக்கொள்வது நல்லது.

கவனிக்க வேண்டியவை

"குளிசை எடுத்தால் உடம்பெல்லாம் நோகிறது" என்பது பலரின் முறைப்பாடு. 2020இல் வெளியான பிரித்தானிய ஆய்வொன்றில், இப்படி நிறுத்திய 60 பேருக்குச் சில மாதங்கள் ஸ்டாட்டினும், சில மாதங்கள் மருந்தே இல்லாத போலிக் குளிசையும், சில மாதங்கள் வெறும் போத்தலும் மாறி மாறிக் கொடுக்கப்பட்டன. ஸ்டாட்டின் மாதங்களில் வந்த உபாதைகளில் நூற்றுக்கு 90 பங்கு போலிக் குளிசை எடுத்த மாதங்களிலும் வந்தது! வலி பொய்யல்ல, ஆனால் காரணம் பெரும்பாலும் குளிசை அல்ல. எனினும் தாங்க முடியாத தசை வலி, பலவீனம், சிறுநீர் கறுத்துப் போதல் ஆகியவை அரிதாக உண்டாகலாம். அவ்வாறாயின் தாமதிக்காமல் வைத்தியரிடம் செல்லுங்கள். அளவைக் குறைக்கவும், வேறு ஸ்டாட்டினுக்கு மாற்றவும் அவரால் முடியும்.

கர்ப்பமாக இருப்பவர்களும், கர்ப்பம் தரிக்க எண்ணியிருப்பவர்களும், பாலூட்டும் தாய்மாரும் அதை வைத்தியரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். கர்ப்ப காலத்தில் பெரும்பாலும் இக்குளிசையை நிறுத்தி விடுவார்கள். வேறு நோய்க்கு மருந்து எழுதும்போதும் உங்கள் கிளினிக் கொப்பியைக் காட்டுங்கள். சில அன்டிபயோட்டிக் மருந்துகள் ஸ்டாட்டினோடு ஒத்துப்போவதில்லை. பக்கத்து வீட்டு ராத்தாவுக்குக் கொலஸ்திரோல் என்று உங்கள் குளிசையைப் பகிர்ந்து கொடுக்கவும் வேண்டாம்.

ரமழானில் நோன்பைக் காரணம் காட்டி இதை விட வேண்டியதில்லை. ஸ்டாட்டின் நாளுக்கு ஒரு தடவை எடுக்கும் மருந்து. சிம்வஸ்டாட்டினை வழமையாகவே இரவில்தான் எடுப்பார்கள். அட்டோவஸ்டாட்டினையும் ரொசுவஸ்டாட்டினையும் எந்நேரமும் எடுக்கலாம் என்பதால், நோன்பு திறந்த பின்னரோ ஸஹர் நேரத்திலோ ஒன்றை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குளிசை மட்டும் போதுமா? போதாது. நடக்கும்போது இரத்தம் வேகமாகப் பாய்கிறது. அந்தப் பாய்ச்சலே உள்ளுறையைத் தூண்டி நைத்திரிக் ஒட்சைட்டைச் சுரக்கச் செய்கிறது. ஆகவே தினமும் அரை மணி நேரம் வேகமாக நடவுங்கள். வீட்டுக்குள் சிகரட் புகைக்க யாரையும் அனுமதிக்காதீர்கள். அந்தப் புகை புகைப்பவரின் குழாயை மட்டுமன்றி, பக்கத்தில் நிற்கும் உங்கள் குழாயையும் பிள்ளைகளின் குழாயையும் கெடுக்கிறது.

இன்றே அலுமாரியைத் திறந்து பாருங்கள். யாருடைய குளிசை மீதமாகக் கிடக்கிறது? வாப்பாவினதா, கணவரினதா, அல்லது உங்களுடையதா? எப்போது நிறுத்தினீர்கள், ஏன் நிறுத்தினீர்கள் என்பதை ஒரு கடதாசியில் குறித்து, அடுத்த கிளினிக் வரை காத்திராமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அவரோடு பேசி முடிவு செய்யுங்கள். ரிப்போர்ட்டில் தெரியும் இலக்கத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.