இந்தியா மேல பெட் கட்டினா ஜெயிப்பது யார்?

கால்பந்து தொடர் ஒன்று தொடங்கினால் போதும், "இந்தியா ஜெயிச்சா எட்டு மடங்கு" என்று டெலிகிராமில் லிங்க் வந்து விழுகிறது. கிணத்துக்கடவிலிருந்து தினமும் கோவைக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞருக்கு, 'நூறு ரூபாதானே, போட்டுப் பார்ப்போமே' என்று தோன்றலாம். அந்த 'எட்டு மடங்கு' எங்கிருந்து வருகிறது?

பலர் நினைப்பதுபோல அது கணிப்பு அல்ல, விலை. ஒரு மேட்ச்சுக்கு வெற்றி 1.80, டிரா 3.60, தோல்வி 4.50 என்று ஆப் காட்டுவதாக வைத்துக்கொள்வோம். 100-ஐ இந்த எண்களால் வகுத்தால் 55.6, 27.8, 22.2 சதவீதம். கூட்டினால் 105.6. மொத்தமே 100-தானே வரணும்? அந்தக் கூடுதல் 5.6-ல்தான் ஆப்காரரின் லாபம் ஒளிந்திருக்கிறது. கிணத்துக்கடவு மார்க்கெட்டில் தக்காளி விலை ஏறினாலும் இறங்கினாலும் மண்டிக்கு கமிஷன் உண்டல்லவா, அதே கணக்கு. மண்டிக்காரராவது தக்காளியை விற்றுக் கொடுக்கிறார்!

சொந்த நாட்டு அணி என்றால் சிக்கல் இன்னும் அதிகம். பாசத்தில் கட்டுபவர் மடங்கைப் பார்ப்பதில்லை. 2023-ல் சாஃப் கோப்பையை வென்று, ஃபிஃபா தரவரிசையில் 99-வது இடம்வரை வந்தது இந்தியா. அந்த நம்பிக்கையோடு 2024 ஜனவரியில் கத்தாரில் ஆசியக் கோப்பைக்குப் போனது. ஆஸ்திரேலியாவிடம் 0-2, உஸ்பெகிஸ்தானிடம் 0-3, சிரியாவிடம் 0-1. மூன்று மேட்ச், ஒரு கோல்கூட இல்லை.

சரி, டீம் நல்லா ஆடினால்? அதே ஆண்டு ஜூன் 11, தோஹா. உலகக்கோப்பை தகுதிச்சுற்றில் கத்தாருக்கு எதிராக சாங்தே அடித்த கோலில் இந்தியா முன்னிலை. 73-வது நிமிடத்தில், கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்து கத்தார் கோல் அடித்தது. நடுவர் கொடுத்துவிட்டார். ரீப்ளே பார்த்துத் திருத்தும் விஏஆர் வசதி அந்த மேட்ச்சில் இல்லை. கடைசியில் 1-2, இந்தியா அவுட். எந்த டிப்ஸ் குரூப்பும் இதைச் சொல்லியிருக்க முடியாது.

பணம் போகும் வழியும் கவலை தருவதுதான். இந்த ஆப்கள் தரும் யுபிஐ ஐடி பல நேரம் யாரிடமோ வாடகைக்கு வாங்கிய வங்கிக் கணக்கு. ஜெயித்த பணமே அப்படியொரு கணக்கிலிருந்து வந்தாலும், போலீஸ் விசாரணையில் சம்பளக் கணக்கு முடங்கலாம். அப்புறம் இஎம்ஐ என்னாவது?

சட்டம் என்ன சொல்கிறது? 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் கேமிங் சட்டப்படி, பணம் வைத்து ஆடும் ஆப் நடத்தினால் 3 ஆண்டுவரை சிறை, 1 கோடி ரூபாய்வரை அபராதம். ஆடியவருக்கு அதில் தண்டனை இல்லை. ஆனால் தமிழ்நாட்டின் 2022 சட்டத்தில் ஆடியவருக்கும் 3 மாதம்வரை சிறை அல்லது 5,000 ரூபாய்வரை அபராதம் உண்டு. இங்கேதான் இடிக்கிறது. பணத்தை இழந்தவர் 1930 சைபர் உதவி எண்ணை அழைக்கும் முன், 'நம்மையே உள்ளே வைப்பாங்களோ' என்று யோசிப்பார். ஆப்காரருக்கு வேண்டியதும் அந்தத் தயக்கம்தான். புகார் கொடுக்க வருபவருக்கு மட்டுமாவது விலக்கு உண்டு என்று மாநில அரசு எழுத்தில் சொல்லலாம்.