கல் தந்த சுவையா?

மதுவை நாவால் தொட்டறியாத தலைமையாசிரியன் ஒருவன் மதுவைப் பற்றி எழுதப் புகுவது உங்களுக்கு வியப்பளிக்கலாம். பேச்சைத் தொடங்கியவன் நான் அல்லன். சில ஆண்டுகளுக்கு முன்பு, கிள்ளான் வட்டாரத்தில் நான் பணியாற்றிய தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குப் பிரமுகர் ஒருவர் வந்திருந்தார். பலகைச் சுவர் வகுப்பறைகளையும், மழை பெய்தால் குளமாகும் திடலையும் கண்டார். பின்னர் மேடையேறி இவ்வாறு பேசினார்: "தென் அமெரிக்க மலைச்சரிவில் வெறும் கல் நிலத்தில் வளரும் கொடியே உலகின் உயர்ந்த செம்மதுவைத் தருகிறது. கல்லோடு போராடுவதால்தான் அதற்கு அந்தச் சுவை. நம் பிள்ளைகளும் அப்படித்தான். வசதி குறைந்தால் வைரம் பாயும்!" கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். அன்று கைதட்டிய குற்றத்தை ஒப்புக்கொண்டே இன்று எழுதுகிறேன்.

அவர் கூறியதில் பாதி உண்மை. அர்ஜெண்டினாவின் மெண்டோசா மாநிலத்தில், ஆண்டீஸ் மலையடிவாரத்தில் உக்கோ பள்ளத்தாக்கு உள்ளது. அங்கே கடல் மட்டத்திற்கு மேல் 1,000 மீட்டர் உயரத்திலும், சில இடங்களில் 1,400 மீட்டருக்கு மேலும், மால்பெக் என்னும் கருந்திராட்சை பயிராகிறது. மலையாறுகள் பன்னெடுங்காலம் உருட்டிக் கொணர்ந்த கூழாங்கல்லும் சரளையும் மணலும் நிறைந்த நிலம் அது. பல இடங்களில் கற்களின்மேல் சுண்ணாம்பு வெண்மையாகப் படிந்திருக்கும். இத்தகைய நிலத்தில் நீர் தங்காது, சத்தும் குறைவு. ஆதலால் கொடி இலையும் தண்டுமாய்க் கொழுக்காமல் அளவோடு வளர்கிறது, கனியும் சிறுக்கிறது. கனி சிறுத்தால் சாற்றை நோக்கத் தோலின் பங்கு கூடும். மலை உயரத்தின் கடும் வெயில் தோலைத் தடிக்கச் செய்கிறது. இரவுக் குளிர் கனியின் புளிப்பைக் காக்கிறது. செம்மதுவின் நிறமும் துவர்ப்பும் பெரிதும் தோலிலிருந்தே வருபவை. கல்லின் பங்கு இவ்வளவே. கல்லின் சுவையே வேர்வழி ஏறி மதுவில் கலக்கிறது என்னும் கூற்றை நிலவியலார் ஏற்பதில்லை.

பிரமுகர் சொல்லாமல் விட்ட மறுபாதி எது? தண்ணீர்! மெண்டோசா ஏறத்தாழப் பாலை நிலம். அங்கு ஓராண்டில் பெய்யும் மழை 200 மில்லிமீட்டர் அளவே. நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் பெய்கிறது. கொடியைக் கல்லின் கையில் ஒப்படைத்துவிட்டு உழவன் வீடு திரும்பினால் சுவை பிறக்காது, கொடியே இராது. மலையில் உருகும் பனிநீரை வாய்க்கால் வெட்டிக் கொணர்ந்தார்கள். ஐரோப்பியர் காலடி வைக்குமுன்பே ஊவார்ப்பே என்னும் பழங்குடியினர் தொடங்கிய பணி அது. இன்று பல தோட்டங்களில் சொட்டுநீர்க் குழாய்கள் ஓடுகின்றன. ஆலங்கட்டி மழைக்கு அஞ்சி வலை விரிக்கிறார்கள். ஆண்டுதோறும் கவாத்து செய்கிறார்கள். நீர் ஓர் அளவுக்குக் கீழ்க் குறைந்தால் கொடி தன் இலைத்துளைகளை மூடிக்கொள்ளும். கனி பழுப்பது தடைப்படும். துன்பம் ஏற ஏறச் சுவை ஏறும் என்பது அறிந்த உழவன் போடும் கணக்கன்று. அளந்து கொடுக்கும் குறைவு வேறு. கைவிட்டதனால் நேரும் குறைவு வேறு.

இன்னொன்றும் உண்டு, ஆசிரியர்கள் அதைக் கட்டாயம் அறிய வேண்டும். மால்பெக் அந்தக் கல்லில் தானே முளைத்த கொடியன்று, பிரான்சிலிருந்து வந்தது. 1853 ஏப்ரல் 17 அன்று மெண்டோசா சட்டமன்றத்தில் வேளாண் பள்ளி ஒன்றை அமைப்பதற்கான மசோதா வைக்கப்பட்டது. பள்ளியும் அமைந்தது. அதை நடத்திய மிஷேல் பூஜே என்னும் பிரெஞ்சு வேளாண் அறிஞர் கொணர்ந்த கொடிகளுள் ஒன்றே மால்பெக். இம்முயற்சிக்குத் தூண்டுகோலாய் நின்றவர் டொமிங்கோ சார்மியெந்தோ; ஆசிரியராய்ப் பணியாற்றி, 1868இல் அந்நாட்டின் குடியரசுத் தலைவரானவர். ஏப்ரல் 17ஆம் நாளை இன்று உலக மால்பெக் நாளாகக் கொண்டாடுவதும் இதனாலேயே. கல் நிலத்தின் புகழுக்கு அடிகோலியது ஒரு பள்ளி! அந்த மதுவை மேற்கோள் காட்டியே நம் பள்ளியின் குறையை நியாயப்படுத்துகிறார்கள் என்றால், இதைவிடக் கொடிய முரண் உண்டோ?

தமிழ் மண்ணிலேயே சான்று வேண்டுமா? தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. மண்ணும் மலைக்காற்றும் அதற்குத் துணை என்பது உண்மையே. ஆனால் 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை, மேற்கு நோக்கி ஓடிய ஆற்றைக் கிழக்கே திருப்பியிராவிட்டால் அப்பள்ளத்தாக்கின் வேளாண்மை என்னவாகியிருக்கும்? கொடிக்குப் பந்தலிட்ட கைகளை மறந்து மண்ணை மட்டும் புகழ்வது நன்றியாகுமா?

இப்போது நம் நிலத்தைப் பார்ப்போம். தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி வைக்க வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. பல துரைமார்கள் சட்டத்தின் வாயை அடைக்கும் அளவுக்கே செய்தார்கள். கொட்டகையே பள்ளி, கங்காணியோ கிராணியோ ஆசிரியர். நாடு விடுதலை பெற்ற 1957இல் 888ஆக இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்துள்ளன. பால்மரம் வீழ்ந்து செம்பனை வந்தது. செம்பனையும் வீழ்ந்து வீடமைப்புத் திட்டம் வந்தது. தோட்டத்து மக்கள் நகரங்களுக்குச் சிதறினார்கள். பல பள்ளிகள் தமக்கென நிலமின்றித் தவித்தன. இதில் அளந்து நீர் விட்ட உழவன் எங்கே? விரித்த வலை எங்கே?

"அந்தப் பள்ளிகளிலிருந்து மருத்துவரும் வழக்கறிஞரும் வரவில்லையா?" என்று கேட்பார்கள். வந்தார்கள், அவர்களை வணங்குகிறேன். ஆனால் குப்பிக்குள் வந்த மதுவைச் சுவைத்துப் பார்ப்பவன் கருகிப்போன கொடிகளை எண்ணுவதில்லை. ஆறாம் ஆண்டோடு எழுத்தை மறந்து போன என் மாணவர்களின் பெயர்கள் எந்த விழா மலரிலும் இல்லை. இதில் நமக்கும் பங்குண்டு. 'சேற்றில் மலர்ந்த செந்தாமரை' என்று வரவேற்புரை எழுதிக் கொடுப்பவர்கள் யார்? நாம்தாமே! சேற்றைப் புகழப் புகழ, அதை அகற்ற வேண்டியவர்கள் நிம்மதியாக உறங்குகிறார்கள்.

ஆசிரியத் தோழர்களே, இனி எவரேனும் நம் மேடையில் கல்லையும் சேற்றையும் போற்றினால், கை தட்டாதீர்கள். எழுந்து பணிவோடு ஒன்று கேளுங்கள்: "ஐயா, அந்தத் தோட்டத்துக்கு வாய்க்கால் வெட்டியவர் யார்? எங்கள் பள்ளிக்கு எப்போது வெட்டப் போகிறீர்கள்?" வகுப்பறையின் எண்ணிக்கையையும், ஒழுகும் கூரையின் அளவையும், நிலப்பட்டாவின் நிலையையும் எழுதிய தாளை அப்போதே அவர் கையில் கொடுங்கள். மாணவச் செல்வங்களே, உங்கள் துன்பம் உங்கள் தகுதிக்குக் காரணமன்று. அதையும் மீறி நீங்கள் கற்கிறீர்கள்; அது உங்கள் பெருமை. அந்தப் பெருமையைக் கல்லுக்குத் தாரை வார்க்காதீர்கள்.