நம் சின்னத்தின் அசல் எங்கே?

ஆண்டுவிழா பேனர்ல நம்ம பள்ளிச் சின்னம் கட்டங்கட்டமாத் தெரிஞ்சதே, பாத்தீங்களா? கடைக்குப் போனது சின்ன ஜேபிஜி படம். அவரு என்ன பண்ணுவாரு?

வெக்டார் படம் புள்ளிக்கோலம் மாதிரி. கணக்கு தெரிஞ்சா வாசல் முழுக்கப் போடலாம். பிக்சல் படம் அந்தக் கோலத்தின் போட்டோ, பெருசாக்கினா மங்கும். போட்டோஷாப்பில் எழுத்து லேயரை ‘ராஸ்டரைஸ்’ செய்து, சேமித்து மூடிவிட்டால் அப்புறம் எழுத்துப்பிழையைக்கூடத் தட்டித் திருத்த முடியாது. இங்க்ஸ்கேப்பில் ‘ட்ரேஸ் பிட்மேப்’ இருக்கே என்பீர்கள். அது ஊகிச்சுத்தான் வரையும். சின்னத்தைச் சுற்றியுள்ள பொடி எழுத்தெல்லாம் குழம்பிடும்.

ஆகவே கோடு கோடாக நாமே வரைந்து, எஸ்விஜி கோப்பாகக் கணினி அறையில் வைக்கணும். ராஸ்டரைஸ் பண்றது நகலில் மட்டும். இங்க்ஸ்கேப் 2003-லிருந்தே இலவசம். டீச்சர், அரையாண்டுத் தேர்வு முடிஞ்சதும் ஆரம்பிக்கலாங்களா?

- ஒன்பதாம் வகுப்பு மாணவி