நைட் டூட்டி முடிச்ச டாக்டர் ஏன் ஆபீஸ் காதல் பொம்மைப் படம் பார்க்கிறான்?

மக்களே, இன்னைக்கு சுகர் இல்லை, பிரஷர் இல்லை. கொஞ்சம் வேற விஷயம். நீளமா இருக்கும், டீ ஆறுறதுக்குள்ள படிச்சிடலாம்.

போன வாரம் டூட்டி ரூம்ல போன்ல ஒரு அனிமே ஓடிட்டு இருந்தது. எட்டிப் பார்த்த ஸ்டாஃப் நர்ஸ் அக்கா, "என்ன டாக்டர், இந்த வயசுல பொம்மைப் படமா?"ன்னு சிரிச்சாங்க.

ஆமாம். பொம்மைப் படம்தான். ஜப்பான்காரங்க எடுக்கிறது. அதுலயும் ஆபீஸ்ல வேலை பார்க்கிற ரெண்டு பேர் ஒருத்தரை ஒருத்தர் மெதுவா, ரொம்ப ரொம்ப மெதுவா விரும்புற கதை. வில்லன் கிடையாது. கத்திக்குத்து கிடையாது. பன்னிரண்டு எபிசோட் முடியும்போது கையைப் பிடிச்சுட்டாலே பெரிய விஷயம்.

அனிமேன்னா சண்டைதான்னு நினைக்கிறவங்களுக்குச் சொல்றேன். வேலைக்குப் போற பெரியவங்களைப் பத்தி, பெரியவங்களுக்காகவே எடுக்கிற அனிமே நிறைய இருக்கு.

2018-ல் வந்த 'வோட்டகோய்' எடுத்துக்கோங்க. நருமின்னு ஒரு பொண்ணு. காமிக்ஸ் பைத்தியம். அது தெரிஞ்சதால பழைய காதலன் விட்டுட்டுப் போயிட்டான். புது ஆபீஸ்ல இதை யாருக்கும் தெரியாம மறைச்சுடணும்னு வர்றா. வந்த இடத்துல சின்ன வயசு நண்பன் ஹிரோடகா நிக்கிறான். அவன் வீடியோ கேம் பைத்தியம். அவன் காதலைச் சொல்ற விதம் இருக்கே! நிலா, மழை, ரோஜா ஒண்ணும் இல்லை. கேம்ல உனக்கு ஒத்தாசையா இருப்பேன்ங்கிறான். அவ்வளவுதான். அவளும் வேலைக்கு ஆள் எடுக்கிற மாதிரி உடனே சரின்னுடுறா.

நம்ம சினிமாவுல ஹீரோ பொண்ணு பின்னாடியே அலைவான், அவ வேண்டாம்னு சொல்லச் சொல்ல விடமாட்டான். அதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இதைப் பார்த்தப்போ, அட, உன்னை உன் கிறுக்கோட சேர்த்து ஏத்துக்கிறேன்னு சொல்றது இவ்வளவு சாதாரணமா இருக்க முடியுமான்னு இருந்தது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 2023-ல் வந்த 'ஐஸ் கை'. முழுப் பேர் ரயில் பெட்டி மாதிரி நீளம், விட்டுடுங்க. ஹிமுரோன்னு ஒரு பையன். ஜப்பான் நாட்டுப்புறக் கதைகள்ல வர்ற பனிப்பெண்ணோட வம்சாவளி. கொஞ்சம் உணர்ச்சிவசப்பட்டா போதும், அவனைச் சுத்திப் பனி கொட்ட ஆரம்பிச்சிடும். கூட வேலை பார்க்கிற ஃபுயுட்சுகின்னு பொண்ணைப் பார்த்தாலே ஆபீஸ்ல பனிப்புயல்! அவளோ பதறாம, இவனுக்கு என்ன வேணும்னு பார்த்துப் பார்த்துச் செய்வா.

அந்தப் பனிக்காகத்தான் நான் பார்க்கிறேன். உள்ள இருக்கிறது வெளிய தெரிஞ்சிடுது. தெரிஞ்சும் கூட இருக்கிறவங்க குத்திக் காட்டுறது இல்லை.

எங்க வேலையில அது நடக்காது. ஒரு உயிர் போயிடுச்சுன்னு சொந்தக்காரங்ககிட்டச் சொல்லிட்டு, அடுத்த நிமிஷம் அடுத்த ஆள்கிட்ட "என்னம்மா பண்ணுது?"ன்னு கேக்கணும். முகத்துல ஒண்ணும் தெரியக் கூடாது. பேங்க் கவுன்டர்ல உட்கார்றவங்க, கால் சென்டர்ல ஹெட்போன் மாட்டுறவங்க, ஜவுளிக்கடையில நாள் பூரா நிக்கிறவங்க, உங்களுக்கும் இதே கதைதானே?

அதனால எனக்குத் தோணுறது, இந்த அனிமேயில நம்மை இழுக்கிறது காதலைவிட அந்த ஆபீஸ்தான். நீ இன்னைக்கு டல்லா இருக்கேன்னு கவனிக்க ஒரு ஆள் இருக்கிற ஆபீஸ். சாப்பிட்டியான்னு கேக்கிற ஆபீஸ். அந்த கவனிப்பு ஒருநாள் காதலா மாறுது, அவ்வளவுதான் கதை.

இப்ப நான் பண்ணின ஒரு தப்பைச் சொல்லணும்.

சில மாசம் முன்னாடி, ராத்திரி மூணு மணி. பாம்பு கடிச்சு ஒருத்தர் வந்தார். ரத்தம் உறையுதான்னு பார்க்க ஒரு எளிமையான டெஸ்ட் உண்டு. சுத்தமான, காஞ்ச கண்ணாடி டியூப்ல கொஞ்சம் ரத்தம் எடுத்து, அசைக்காம 20 நிமிஷம் வச்சு, அப்புறம் சாய்ச்சுப் பார்க்கணும். உறையாம ஓடினா விஷம் ரத்தத்துல வேலை செய்யுதுன்னு எடுத்துக்குவோம். டியூப்ல ரத்தம் எடுத்த ஹவுஸ் சர்ஜன் பொண்ணு நேரம் குறிக்க மறந்துட்டா. மறுபடி முதல்ல இருந்து. நான் கத்தினேன். பேஷன்ட், அவரோட சொந்தக்காரங்க, வார்டு பாய் எல்லார் முன்னாடியும். அவ முந்தின நாள் காலையில இருந்து டூட்டியில இருக்கான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் கத்தினேன். அவ "சாரி சார்"னு மட்டும் சொன்னா. நோயாளி நல்லபடியா வீட்டுக்குப் போயிட்டார்.

காலையில வீட்டுக்கு வந்தும் தூக்கம் வரலை. 2021-ல் வந்த 'மை சென்பாய் இஸ் அனாயிங்' போட்டேன். சென்பாய்னா சீனியர். தகேதான்னு மலை மாதிரி ஒரு சீனியர், இகராஷின்னு குட்டியா ஒரு ஜூனியர். அவன் தொல்லை தாங்கலைன்னு அவ புலம்பிட்டே இருப்பா. ஆனா அவ வேலையில தடுமாறினா அவன் பக்கத்துல நிப்பான். பாதியில நிறுத்திட்டேன். எனக்கு வாய்ச்ச சீனியர்கள் கத்தினாங்க, அதான் நானும் கத்துறேன்னு இத்தனை வருஷம் சொல்லிட்டு இருந்தது அன்னைக்கு எனக்கே நொண்டிச் சாக்காத் தெரிஞ்சது.

(ஒரு இடைச்செருகல். அந்த தகேதா சும்மா சும்மா இகராஷி தலையைத் தடவுவான். கதையில அழகா இருக்கும். உங்க ஆபீஸ்ல முயற்சி பண்ணாதீங்க. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரா 2013-ல் வந்த சட்டம் இருக்கு, பத்து பேர் வேலை பார்க்கிற இடத்துல புகார்க் குழு இருந்தே ஆகணும். சீனியர் தொட்டா ஜூனியர் வேண்டாம்னு சொல்றது நிஜ வாழ்க்கையில அவ்வளவு சுலபம் இல்லை. இந்த வகைக் கதைகள் மேல எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான். அதிகாரம்னு ஒண்ணு ஆபீஸ்ல இல்லவே இல்லாத மாதிரி காட்டுவாங்க.)

இன்னொரு குறையும் உண்டு. ராத்திரி ஆளில்லாத ஆபீஸ், ரெண்டு பேர் மட்டும் ஓவர்டைம், ஒரு டின் காபி, லேசான வெட்கம். இப்படி சீனைக் காட்டியே ஓவர்டைமை அழகாக்கிடுறாங்க.

அழகு கிடையாதுங்க அது. அதிக வேலையால வர்ற சாவுக்குன்னே 'கரோஷி'ன்னு தனிச் சொல் வச்சிருக்கிற நாடு ஜப்பான். 2018-ல் சட்டம் போட்டு, 2019 ஏப்ரல்ல இருந்து ஓவர்டைம் வருஷத்துக்கு 720 மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு கட்டுப்பாடு கொண்டுவந்தாங்க. டாக்டர்களுக்கு மட்டும் அஞ்சு வருஷம் தள்ளி, 2024 ஏப்ரல்ல. அளவு? 960 மணி நேரம். சில வகை மருத்துவமனைகள்ல 1,860 வரைக்கும்! மாசத்துக்கு 155 மணி நேரம், வழக்கமான வேலைக்கு மேல. படிச்சுட்டு சிரிச்சேன். அப்புறம் சிரிப்பு வரலை.

உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பும் 2021-ல் சேர்ந்து சொன்ன கணக்கு இது. வாரம் 55 மணி நேரத்துக்கு மேல வேலை பார்க்கிறவங்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் பார்க்கிறவங்களைவிட பக்கவாதம் வர்ற ஆபத்து 35 சதவீதம் அதிகம். இதய நோயால சாகிற ஆபத்து 17 சதவீதம் அதிகம்.

அப்படிப்பட்ட ஊர்ல இருந்து இவ்வளவு மென்மையான ஆபீஸ் கதைகள் வருதுன்னா எனக்கு ஆச்சரியமே இல்லை. பசிக்கிறவன்தான் சமையல் வீடியோ அதிகமா பார்ப்பான்.

பாருங்க, தப்பே இல்லை. நானும் பார்ப்பேன். ஆனா ஒரே ராத்திரியில பன்னிரண்டு எபிசோடும் பார்த்தா கிட்டத்தட்ட அஞ்சு மணி நேரத் தூக்கம் போச்சு. (பண்ணியிருக்கேன். மறுநாள் ஓ.பி.யில பட்டபாடு எனக்குத்தான் தெரியும்.) ரெண்டு வாரமா எதுலயும் மனசு ஒட்டலை, தூக்கம் கெட்டுப்போச்சு, வேலைக்குப் போகவே நெஞ்சு அடைக்குதுன்னா அதுக்கு அனிமே மருந்து கிடையாது. டாக்டரைப் பாருங்க. போக முடியலைன்னா 14416-க்குப் போன் பண்ணுங்க, அரசோட டெலி மானஸ், இலவசம்.

அந்த ஹவுஸ் சர்ஜன் பொண்ணுகிட்ட அடுத்த டூட்டியில போய், "அன்னைக்கு எல்லார் முன்னாடியும் அப்படிக் கத்தியிருக்கக் கூடாதும்மா, மன்னிச்சுடு"ன்னு சொன்னேன். அவ திருதிருன்னு முழிச்சா. இன்னும் என்னமோ வரப்போகுதுன்னு நினைச்சிருப்பா போல. அப்புறம், "பரவாயில்ல சார். ஒரு டைமர் வாங்கி வச்சா நல்லா இருக்கும் சார்"னா.

அன்னைக்கே வாங்கிட்டேன். டியூப் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல நூல் போட்டுக் கட்டி வச்சிருக்கோம், யாரும் தூக்கிட்டுப் போயிடாம.

நேத்து ராத்திரி கூட்டம் குறைஞ்சதும் நர்ஸ் அக்கா மெல்ல வந்து கேட்டாங்க, "டாக்டர், அந்தப் பனிப் பையன் அவகிட்ட சொன்னானா இல்லையா?"