இணையக் கச்சேரி ஈடாகாது

2020 மார்ச் 18 அன்று மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்த பிறகு ஒரு நம்பிக்கை வேரூன்றிவிட்டது. வேகமான இணையமும் நல்ல ஹெட்போனும் இருந்தால் வீட்டில் கேட்பதும் அரங்கில் கேட்பதும் ஒன்றே என்பதுதான் அது. செத்தியா ஸ்பைஸ் அரங்கம் கூப்பிடு தூரத்தில் இருக்கும் பினாங்கின் பாயான் பாருவிலும் ‘அப்புறம் யூடியூப்பில் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற பேச்சு சகஜம். இந்த நம்பிக்கை தவறு.

ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். பாடகரிடமிருந்து இரண்டு மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்க வித்வானை அது 6 மில்லிவிநாடியில் எட்டிவிடும். தாமதம் 30 மில்லிவிநாடியைத் தாண்டினால் தாளம் இழுபடத் தொடங்கும். பினாங்கு–சென்னை காணொளி அழைப்பில் அது 100-ஐ எளிதில் தாண்டுகிறது. அதனால்தான் முடக்கக் காலத்தில் பல கலைஞர்கள் தனித்தனியே பதிவுசெய்து இணைத்தார்கள். பாடகர் முதலில் பாடி அனுப்புவார்; அதைக் கேட்டு மிருதங்கம் வாசிக்கப்படும். கற்பனைஸ்வரத்தில் பாடகரின் கோர்வையை மிருதங்கம் ஊகித்து அணைக்க, அந்த உற்சாகத்தில் அவர் இன்னொரு சுற்று நீட்டுவதற்கு இங்கே வழியே இல்லை.

கலைஞர்கள் ஒரே மேடையில் இருந்து நேரலையில் ஒளிபரப்பினாலும் குறை தீராது. காணொளி அழைப்புச் செயலி வழியே அனுப்பினால், அத்தகைய செயலிகள் பேச்சுக்காக அமைந்தவை. இடைவிடாமல் சீராக ஒலிக்கும் தம்புராவை மின்விசிறிச் சத்தமாக எண்ணி அவை அடக்கிவிடும். அமைப்பைத் தேடி மாற்றினால்தான் சுருதி திரும்பும். கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியில் தவிலின் தொப்பி எடுபடாது. வளைந்த குச்சியால் தேய்த்து எழுப்பும் உறுமியின் அடிக்குரலும் அப்படியே. 2021 ஜனவரி 28 தைப்பூசத்தன்று பினாங்கில் தேர் ஊர்வலம் இல்லை. முந்தைய ஆண்டுகளின் காணொளிகள் இருந்தன. தண்ணீர்மலைப் பாதையில் நெஞ்சை அதிரவைக்கும் அந்த உறுமிச் சத்தம் அவற்றில் இல்லை.

‘வானொலியில் கேட்டுத்தானே தலைமுறைகள் வளர்ந்தன?’ என்பார்கள். உண்மைதான். 1939-இல் திருச்சி நிலையம் தொடங்கியபோதும் பாடகரும் பக்கவாத்தியமும் ஒரே ஸ்டுடியோவில்தான் அமர்ந்தார்கள். வானொலி கேட்டவர்கள் சங்கீத சபாவுக்குப் போவதையும் விடவில்லை.

இணையத்துக்கு உரிய இடம் உண்டு. சென்னை மியூசிக் அகாடமி 2020 டிசம்பர் விழாவை இணையத்தில் நடத்தியதால் பாயான் பாரு ரசிகரும் அதைக் கேட்க முடிந்தது. மாணவர் ஒரு சங்கதியைப் பத்து முறை திருப்பிக் கேட்கவும் பதிவு உதவும். ஆனால் பக்கத்தில் நடக்கும் கச்சேரிக்குப் போகாதிருக்க அது காரணமாகாது. உள்ளூர்க் கோயில் மண்டபத்தில் வாசிக்கும் இளம் கலைஞருக்கு எதிரே உட்கார்ந்து தாளம் போடும் கைகள் வேண்டும். அந்தக் கைகள் வராத ஊரில் கச்சேரி நிலைக்காது.